மூடுமுன் பார்த்தவர்கள்



1908 ஜூலை 24, விடியலுக்குச் சில மணி நேரம் முன்பு. சுவிட்சர்லாந்தில் லோச்பெர்க் மலைக்கடியில் ஒரு ரயில் சுரங்கப்பாதை குடையப்பட்டு வந்தது. அன்று வெட்டுமுகம் காஸ்டர்ன் பள்ளத்தாக்குக்கு நேர்கீழே, தரையிலிருந்து நூற்றைம்பது மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இருந்தது. அத்தனை ஆழத்தில் பாறைதான் இருக்கும் என்று நம்பி வழக்கம்போல் வெடி வைத்தார்கள். வெடித்த இடத்தில் பாறை இல்லை. பனியாறு எப்போதோ அந்தப் பள்ளத்தாக்கை மிக ஆழமாக அறுத்துவிட்டுப் போயிருந்தது. அறுத்த இடத்தைப் பிற்காலத்தில் ஆறு மணலாலும் சரளையாலும் நிரப்பியிருந்தது. அந்த மணலும் சரளையும் தண்ணீரோடு சேர்ந்து உள்ளே பாய்ந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் சுரங்கத்தை அடைத்தன. 25 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தப் பகுதியை அப்படியே சுவர் எழுப்பி மூடிவிட்டுப் பாதையை வளைத்துக் கொண்டுபோனார்கள். 1913இல் திறக்கப்பட்ட 14.6 கிலோமீட்டர் சுரங்கத்தில் அந்த வளைவு இருக்கிறது. ரயில் அங்கே திரும்புவதற்குக் காரணம், 25 உயிர்களைக் கொடுத்துத் தெரிந்துகொண்ட ஒரு நிலவியல் செய்தி.

இன்று நான் முன்வைக்க விரும்பும் வாதம் அந்த வளைவிலிருந்துதான் தொடங்குகிறது. பாலம் கட்டினால் பாலம் கண்ணுக்குத் தெரியும். நூறு ஆண்டு கழித்தும் ஒரு மாணவர் போய் அளந்து பார்க்கலாம். கோபுரமும் அணையும் அப்படித்தான். சுரங்கம் அப்படியில்லை. குடைபவரின் உண்மையான கட்டுமானப் பொருள் சுற்றியுள்ள நிலம். கான்கிரீட்டும் எஃகும் அதற்கு ஒத்தாசை மட்டுமே. அந்த நிலம் வெட்டுமுகத்தில் சில மணி நேரம் கண்ணுக்குத் தெரிகிறது. அதன் பிறகு ஷாட்கிரீட் எனும் தெளிப்புக் கான்கிரீட்டை அடித்தோ வளையத் துண்டுகளைப் பொருத்தியோ மூடிவிடுகிறோம். எங்கே பிளவு ஓடியது, எங்கே களிமண் படலம் வழுக்கியது, எங்கே நீர் கசிந்தது என்பதை அந்தச் சில மணி நேரத்தில் நின்று பார்த்தவர்கள் சொன்னால்தான் உண்டு. அவர்கள் எழுதாமல் போனால், அல்லது எழுதியதை யாரோ பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டால், அந்த நிலத்தைப் பற்றிய அறிவு உலகத்திலிருந்தே போய்விட்டது என்று பொருள். ஆகவே நிலத்தடி வேலையில் கிடைக்கும் அறிவை, தோல்வியில் கிடைக்கும் அறிவை முதலாகக் கொண்டு, பொதுச்சொத்தாக நடத்தவேண்டும் என்பது என் வாதம். பெருந்தன்மையின் பேரில் இதைக் கேட்கவில்லை. இந்தத் தொழில் நடக்கவேண்டுமானால் வேறு வழி இல்லை என்பதால் கேட்கிறேன்.

இந்தத் தொழிலின் அடிப்படைக் கருவிகள் எப்படி வந்தன என்று பாருங்கள். இமயமலையில் இன்று சுரங்கம் குடையும் எந்த நிலவியலாளரிடமும் கியூ முறை என்ற பாறைத் தர அட்டவணை இருக்கும். நார்வேயின் நிலத்தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த பார்ட்டன், லியன், லுண்டே ஆகிய மூவர் 1974இல் வெளியிட்டது அது. பாறையின் துண்டுபடல், பிளவுகளின் எண்ணிக்கை, அவற்றின் சொரசொரப்பு, நீர், அழுத்தம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, இந்தப் பாறைக்கு இவ்வளவு ஷாட்கிரீட், இத்தனை பாறை ஆணி என்று முடிவு செய்ய உதவுகிறது. இதை மூவரும் ஒரு சமன்பாட்டிலிருந்து வருவிக்கவில்லை. ஏற்கெனவே குடைந்து முடித்த இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களின் பதிவுகளைத் திரட்டி, எங்கே என்ன தாங்கியது என்று ஒப்பிட்டு உருவாக்கினார்கள். அந்தப் பதிவுகளை அவற்றின் சொந்தக்காரர்கள் தர மறுத்திருந்தால் கியூ முறை பிறந்தே இருக்காது. மென்மண்ணுக்கும் இதே கதைதான். சுரங்கத்துக்கு மேலே தரை எவ்வளவு அமிழும் என்று கணக்கிட, மணியைக் கவிழ்த்தது போன்ற ஒரு வளைகோட்டை எல்லா மெட்ரோ அலுவலகங்களிலும் வரைகிறார்கள். பொறியாளர் ரால்ஃப் பெக் 1969இல் மெக்சிகோ நகர மாநாட்டுக்குத் தயாரித்த அறிக்கை வழியாகப் பரவியது அது. பல ஊர்களில் பலர் அளந்துவைத்த தரை அமிழ்வுகளை ஒன்றாக அடுக்கியபோதுதான் அந்த வடிவம் கண்ணில் பட்டது.

வணிக நிறுவனங்கள் அறிவை வெளியே விடுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னச் செய்தி. நிலத்தொழில்நுட்ப அறிஞர் டெர்சாகி பாறைச் சுமையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற பகுதி 1946இல் வந்த ஒரு கையேட்டில் இருக்கிறது. அதை வெளியிட்டது பல்கலைக்கழகம் அல்ல. எஃகு வளைவுத் தாங்கிகளைச் செய்து விற்ற ஓர் அமெரிக்க நிறுவனம். பாறை எவ்வளவு கனக்கும் என்பதை எல்லோரும் சரியாகத் தெரிந்துகொண்டால்தான் தாங்கியைச் சரியாக வாங்குவார்கள் என்று அந்த நிறுவனம் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அந்தக் கணக்கில் தவறில்லை.

வெற்றிகளைப் பற்றி எழுதுவது எளிது. தோல்விக்கு வருகிறேன். 1994 அக்டோபர் 21 அன்று லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் நடுப்பகுதிக்கு அடியில், கட்டுமானத்தில் இருந்த ரயில் சுரங்கங்கள் சரிந்தன. உயிரிழப்பு இல்லை. தெளிப்புக் கான்கிரீட்டால் ஆன முதல் உறையின் அடிவளைவு சரியாகக் கட்டப்படாததும், அதைச் செப்பனிட்ட விதமும், பக்கத்திலேயே அடுத்த சுரங்கத்தைக் குடையத் தொடங்கியதும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய காரணங்கள். தெளிப்புக் கான்கிரீட்டை உறையாகக் கொள்ளும் இதே ஆஸ்திரிய முறையில் லண்டனின் ஜூபிலி தடத்தில் நடந்துகொண்டிருந்த வேலை நிறுத்தப்பட்டுச் சோதிக்கப்பட்டது. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு ஆணையம் 1996இல் அந்தக் கட்டுமான முறையைப் பற்றி ஒரு மீளாய்வையும், 2000இல் சரிவைப் பற்றிய அறிக்கையையும் அச்சிட்டது. மீளாய்வு வேறு நாடுகளில் அதே முறையில் நேர்ந்த சரிவுகளையும் தொகுத்துத் தந்தது. ஒரு வேலையில் ஏற்பட்ட பிழையாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அந்தத் தொகுப்பை வாசித்தபோது ஒரு முறையின் பொதுவான பலவீனங்களைக் கண்டுகொண்டார்கள். தெளிப்புக் கான்கிரீட் சுரங்கங்களை லண்டன் அதன்பின் கைவிடவில்லை. கூடுதல் கவனத்தோடு குடைந்தது.

அடுத்தது நமக்கு இன்னும் நெருக்கமான இடம். சிங்கப்பூரில் நிக்கோல் நெடுஞ்சாலையை ஒட்டி மெட்ரோவின் வட்டத் தடத்துக்காக முப்பது மீட்டருக்கும் மேல் ஆழமான பள்ளம் ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மண் என்று பார்த்தால் மிக இளகிய கடல் களிமண். இரு பக்கமும் மண்ணுக்குள் வார்த்த கான்கிரீட் டயஃப்ரம் சுவர். அந்தச் சுவர்கள் உள்ளே சாய்ந்துவிடாதபடி குறுக்கே எஃகுத் தாங்குகளை மட்டம் மட்டமாகக் கொடுத்து இறங்கினார்கள். 2004 ஏப்ரல் 20. ஒன்பதாவது மட்டத் தாங்குகளுக்குக் கீழே தோண்டியாகிவிட்டது. காலையிலேயே இரும்பு இடிபடுவது போன்ற சத்தம் கேட்கத் தொடங்கியது. தாங்கு வந்து முட்டும் இடத்தில் இருந்த எஃகு மடங்கிக்கொண்டிருந்தது. பிற்பகல் மூன்றரை மணி வாக்கில் பள்ளம் முழுவதும் உள்வாங்கியது. நெடுஞ்சாலையின் ஒரு பகுதியும் கூடவே போனது. நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு தமிழரும் உண்டு. உடன் வேலை செய்தவர்களை வெளியேற்றிவிட்டுத் தான் சிக்கிக்கொண்ட மேற்பார்வையாளரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

சிங்கப்பூர் அரசு அமைத்த விசாரணைக் குழு 2005இல் தந்த இறுதி அறிக்கையில் இரண்டு வடிவமைப்புப் பிழைகள் முதன்மையாகப் பேசப்படுகின்றன. முதலாவது கணினிக் கணக்கில் நேர்ந்தது. இளகிய களிமண்ணை வேகமாகச் சுமையேற்றினால் அதன் துளைகளில் உள்ள நீரின் அழுத்தம் ஏறும். மண்ணின் வலு இறங்கும். பயன்படுத்திய மண் மாதிரியில், கொடுத்த உள்ளீட்டு முறையில், இந்த இறக்கம் சரியாகப் பிடிபடவில்லை. ஆகவே கணினி களிமண்ணுக்கு இல்லாத வலுவைக் காட்டியது. சுவர் எவ்வளவு வளையும் என்பதையும் குறைத்துக் காட்டியது. இரண்டாவது, சுவரை ஒட்டி ஓடும் விட்டமும் தாங்கும் சேரும் மூட்டு. வடிவமைப்பு நெறிமுறையைத் தவறாகப் படித்ததால் மூட்டின் வலு ஏறத்தாழ இரு மடங்காகக் கணக்கிடப்பட்டுவிட்டது. பிறகு மூட்டை விறைப்பாக்கும் தகட்டுக்குப் பதிலாகக் கால்வாய் வடிவ எஃகைப் பொருத்தினார்கள். அது நெளிந்தால் முன்னறிவிப்பின்றி உடையும் தன்மை கொண்டது. இவற்றோடு இன்னொன்றும் உண்டு. சுவரின் சாய்வுமானி அளவுகள் எல்லையைத் தாண்டியபோதெல்லாம், தோண்டலை நிறுத்துவதற்குப் பதில் கணக்கைத் திருத்தி எல்லையையே மேலே தள்ளினார்கள்.

இந்த அறிக்கை பூட்டிவைக்கப்படவில்லை. உள்ளீட்டு முறையில் நேர்ந்த பிழைக்கு 'முறை ஏ' என்று பெயரே வந்துவிட்டது. இன்று உலகின் எந்த மூலையில் ஆழ்பள்ளம் வடிவமைக்கப் பயிலும் மாணவருக்கும் முதல் மாதத்திலேயே சொல்லப்படும் எச்சரிக்கை அது. ஒரு தாங்கு போனாலும் மீதி தாங்கவேண்டும் என்ற சோதனை வடிவமைப்பு விதிகளில் ஏறியது. ஆறு மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளங்களுக்குத் தனியாக நிலத்தொழில்நுட்ப வல்லுநர் பொறுப்பேற்கவேண்டும் என்று சிங்கப்பூர் சட்டம் செய்தது. நால்வரின் மரணத்துக்கு ஈடு எதுவும் கிடையாது. ஆனால் அவர்கள் எதனால் இறந்தார்கள் என்பது தெரிந்துவிட்டதால், அந்தக் காரணத்தால் இறந்திருக்கக்கூடிய வேறு பலர் இன்று வேலை முடித்து வீட்டுக்குப் போகிறார்கள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றை எளிதாகத் தள்ளிவிட முடியாது. முதல் மறுப்பு, ஒவ்வொரு நிலமும் தனி என்பது. லண்டன் களிமண்ணில் கற்றது சென்னையின் சார்னோகைட் பாறையில் உதவுமா? கற்பாறையில் கற்றது ஆற்றுமணலில் உதவுமா? இதில் உண்மை இருக்கிறது. ஆனால் நிலம் தனித்தன்மை கொண்டதாக இருப்பதால்தான் பதிவு இன்னும் தேவைப்படுகிறது. ஒரே இடத்தைப் பற்றி ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தால், அடுத்த தெருவில் அடித்தளம் போடுபவர் மீண்டும் இருட்டில்தான் தொடங்கவேண்டும். பெக்கின் வளைகோடு எல்லா மண்ணுக்கும் ஒரே எண்ணைத் தரவில்லை. களிமண்ணில் ஓர் அகலம், மணலில் வேறொரு அகலம் என்றுதான் காட்டியது. அந்த வேற்றுமையே பல இடத்துப் பதிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது தெரிந்ததுதான்.

இரண்டாவது மறுப்புதான் வலுவானது. பிழையை எழுதிவைத்தால் அது வழக்குமன்றத்தில் சாட்சியமாகும். எதிர்பாராத நிலநிலை என்று கூறி ஒப்பந்தக்காரர் கூடுதல் தொகை கேட்பார்; எதிர்பார்த்திருக்க வேண்டும் என்று உரிமையாளர் மறுப்பார்; இருவரும் தத்தம் தாள்களை மறைப்பார்கள். நாளை தன் தலைமேல் விழும் என்று தெரிந்தும் ஒரு இளம் பொறியாளர் இன்று உண்மையை எழுதுவாரா? இந்த அச்சம் நியாயமானது. தண்டனையும் கற்றலும் ஒரே அறையில் நடந்தால் கற்றல் நடக்காது. இதற்கு விமானத்துறை எப்போதோ ஒரு வழி கண்டுவிட்டது. விமான விபத்து விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது. குற்றத்தைப் பங்கிடுவது அதன் வேலை அல்ல என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதியே சொல்கிறது. குற்றத்துக்கு வேறு மன்றம் உண்டு. கட்டுமானத்துறையிலும் பிரிட்டனில் 2005 முதல் பெயர் வெளியிடாமல் பிழைகளைத் தெரிவிக்க ஓர் ஏற்பாடு நடந்துவருகிறது. ஒப்பந்தத்திலேயே நிலத்தைப் பற்றிய ஓர் அடிப்படை அறிக்கையை இருதரப்பும் ஏற்றுக்கொண்டு, அதற்கு மேல் வரும் இடரை யார் சுமப்பது என்று முன்கூட்டியே எழுதிவிட்டால், தாளை மறைக்கும் அவசியமும் பாதி குறைந்துவிடும். நிலத்தின் இடர் நிலத்தின் சொந்தக்காரருடையது என்று சொல்லிவிட்டால், வெட்டுமுகத்தில் கண்டதை எழுத ஒப்பந்தக்காரருக்குத் தயக்கம் எதற்கு?

தொழில் ரகசியம் என்ற மறுப்புக்கு அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. இயந்திரத்தின் வெட்டுத்தலை வடிவமைப்பு, நுரைக் கலவையின் சூத்திரம் ஆகியவை நிறுவனத்தின் சொத்து, இருக்கட்டும். முப்பது மீட்டர் ஆழத்தில் மணல் அடுக்கு இருக்கிறது என்பது எந்த நிறுவனத்தின் கண்டுபிடிப்பும் அல்ல. அதைக் கண்டுபிடிக்க மண் ஆய்வுத் துளை போட்ட பணம் பெரும்பாலும் மக்கள் வரிப்பணம். நெதர்லாந்து இதை நேராகச் சட்டமாக்கிவிட்டது: 2018 முதல் அங்கே பொது அமைப்புகள் நிலத்தடியைப் பற்றித் திரட்டும் தரவுகளை ஒரு தேசியப் பதிவேட்டில் சேர்க்கவேண்டும். பிரிட்டிஷ் நிலவியல் அளவைத்துறை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துளைப் பதிவுகளை இணையத்தில் எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. ஹாங்காங்கில் நிலச்சரிவுகளுக்குப் பிறகு உருவான அரசு அலுவலகம், நகரம் முழுவதற்குமான மண் ஆய்வு அறிக்கைகளைப் பொதுமக்கள் பார்க்கும் நூலகமாக நடத்துகிறது. இந்த இடங்களில் கட்டுமானத் தொழில் நொடித்துப்போகவில்லை.

மக்கள் பீதியடைவார்கள் என்ற மறுப்பு ஒன்றும் அடிக்கடி காதில் விழுகிறது. 2019 ஆகஸ்ட் 31 அன்று கொல்கத்தாவின் பௌபஜார் பகுதியில், மெட்ரோவின் சுரங்க இயந்திரம் நிலத்தடி நீர் தாங்கிய அடுக்கு ஒன்றை எதிர்கொண்டது. நீரும் மணலும் உள்ளே இறங்க, மேலே பழைய வீடுகள் விரிசல் விட்டுச் சரிந்தன. மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். 2022இல் அதே பகுதியில் மறுபடியும் கசிவு, மறுபடியும் வெளியேற்றம். ஒரு தெருவாசிக்குப் பீதி எங்கிருந்து வருகிறது? தன் வீட்டுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று எவரும் சொல்லாமல், இரவில் வந்து காலிசெய்யச் சொல்லும்போதுதான் வருகிறது. அளவுகளை வாசலில் ஒட்டிவைத்து, எந்த எண் வந்தால் என்ன செய்வோம் என்று முன்பே விளக்கியிருந்தால் அந்த மனிதர் நம் கூட்டாளியாகிவிடுவார்.

காகிதத்தில் ஏறாத அறிவும் இருக்கிறது. அதை நாம் மிக மலிவாக நடத்துகிறோம் என்பது என் தாழ்மையான கருத்து. 2023 நவம்பர் 12, தீபாவளி நாள் விடியலில் உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கம் இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே அடைபட்டார்கள். இடிபாட்டின் ஊடே குழாய் செலுத்திய துளை இயந்திரம் கடைசிப் பன்னிரண்டு மீட்டர் அளவில் உடைந்து சிக்கியது. அந்த மிச்சத்தைக் குழாய்க்குள் ஊர்ந்துபோய்க் கையாலேயே பறித்தவர்கள் எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள். நவம்பர் 28 மாலை, 17ஆம் நாள், 41 பேரும் வெளியே வந்தார்கள். எந்தப் பாடநூலிலும் இல்லாத கைவேலை அது: ஒருவர் பறிக்க, ஒருவர் மண்ணைச் சேர்க்க, ஒருவர் வெளியே தள்ள, இடிபாடு அடுத்து எந்தப் பக்கம் சரியும் என்பதைக் கையாலும் காதாலும் உணர்ந்து நகர்வது. இதைப் போன்ற அறிவு கோலார் தங்கவயலில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் பாறை வெடிப்புகளுக்கு நடுவே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள். அங்கே பாறை வெடிப்பை அளக்க நிலநடுக்கக் கருவிகள் நிறுவப்பட்டன. அந்த அனுபவத்தின் மேல்தான் 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில் தோன்றியது. ஆனால் 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது, வெடிப்புக்கு முன் பாறை எப்படி முனகும், கூரையைக் கடப்பாரையால் தட்டினால் எந்த ஒலி ஆபத்து என்று அறிந்த மனிதர்கள் ஒவ்வொருவராகக் கலைந்துபோனார்கள். கருவியின் பதிவு காப்பாற்றப்பட்டது. காதின் பதிவை எழுதிக்கொள்ள நாம் அவர்களிடம் போகவே இல்லை.

சென்னைக்கு வருகிறேன். இந்த நகரத்துக்கு அடியில் மணலும் களிமண்ணும் மாறிமாறிக் கிடக்கின்றன. அவற்றுக்குக் கீழே மேடுபள்ளமாகக் கடினப் பாறை. அந்தப் பாறைக்கு சார்னோகைட் என்ற பெயர் வந்ததே ஒரு கல்லறையால். கொல்கத்தாவில் உள்ள ஜோப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் ஹாலந்து, அது பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல் என்று கண்டு 1893இல் அந்தப் பெயரைச் சூட்டினார். சுரங்க இயந்திரத்தின் முகத்தில் மேல்பாதி மணலும் கீழ்ப்பாதி இந்தக் கல்லும் ஒரே நேரத்தில் வந்தால் வெட்டுத்தலை தடுமாறும். கல்லைத் தேய்க்கும் வேகத்தில் மணல் அதிகமாக உள்ளே வந்துவிடும். மேலே சாலை இறங்கும். மூடி மறந்துபோன பழைய கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் அழுத்தத்துக்குத் திடீர் வாசலாகிவிடும். முதல் கட்ட மெட்ரோவில் பல கிலோமீட்டர் நீளத்துக்கு இந்த நிலத்தை இயந்திரங்கள் தின்று பார்த்துவிட்டன. இரண்டாம் கட்டம் வேறு தெருக்களில் போகிறது. நாளை மழைநீர்ப் பெருவடிகால், மின்கேபிள் சுரங்கம், அடுக்குமாடிகளின் நிலத்தடி வாகன நிறுத்தம் என்று ஒவ்வொருவரும் இதே மண்ணில் இறங்குவார்கள். இயந்திரம் எந்தத் தூரக்குறியில் எவ்வளவு உந்தியது, எவ்வளவு முறுக்கியது, எத்தனை கனமீட்டர் மண்ணை எடுத்தது, முகத்தில் எவ்வளவு அழுத்தம் கொடுத்தது என்பவை சில விநாடிக்கு ஒருமுறை வன்தட்டில் ஏறுகின்றன. வேலை முடிந்தால் அந்த வன்தட்டு யாருடையது?

இப்படிக் கிடைக்கும் பதிவுகளைத் தொழில் முறைப்படி ஒழுங்குசெய்வது கடினமல்ல என்பதற்கு நம் மண்ணிலேயே பழைய சான்று ஒன்று உண்டு. பெரியாற்று நீரை மேற்குத்தொடர்ச்சி மலைக்குள் ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக வைகைப் பக்கம் திருப்பிய திட்டம் 1895இல் முடிந்தது. அதில் பணியாற்றிய மெக்கன்சி என்ற பொறியாளர் அதன் வரலாற்றை நூலாக எழுதி 1899இல் சென்னையில் அச்சேற்றினார். வேலை முடிந்த நான்கே ஆண்டில், செய்தவர்களில் ஒருவரின் கையால். இன்றைய ஒப்பந்தங்களில் இதற்கு இணையாக நான் கேட்பது ஒரு பிரிவுதான். ஒவ்வொரு துளைப் பதிவும், ஒவ்வொரு வெட்டுமுகத்தின் வரைபடமும் நிழற்படமும், இயந்திரத்தின் முழுத் தரவும், தரை அமிழ்வு அளவுகளும், நின்றுபோன நாட்களின் காரணங்களும், சரிவோ கசிவோ நேர்ந்திருந்தால் அதைப் பற்றி அங்கே நின்றிருந்த மேஸ்திரி முதல் தலைமைப் பொறியாளர் வரை சொன்னவையும் ஒரே தொகுப்பாக நிலவியல் அளவைத்துறையிடமோ ஒரு பொறியியல் கல்லூரியிடமோ ஒப்படைக்கப்படவேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் அது எவரும் பார்க்கத் திறக்கப்படவேண்டும். சரிவு நேர்ந்த பகுதியின் தாள்கள் மட்டும் காத்திருக்காமல் உடனே திறக்கப்படவேண்டும். தொகுப்பு வந்து சேர்ந்ததாக ரசீது கிடைத்த பிறகுதான் ஒப்பந்தக்காரரின் பிடித்தத் தொகை விடுவிக்கப்படவேண்டும். கட்டி முடித்த வரைபடத்தைக் கொடுக்காமல் இறுதிப் பில் இன்றும் பாஸ் ஆவதில்லை. அந்தப் பட்டியலில் இன்னொரு வரியைச் சேர்க்கவேண்டும், அவ்வளவுதான்.